ஒரே ஒரு நாள் லீவு

கம்பெனியில் அவருக்கு ‘அப்புறம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் பிழைத்துக் கிடந்தது. டீ குடிக்க வாங்கண்ணே என்றால் “அப்புறம்” என்பார். ஓவன் கதவின் கைப்பிடி ஆடுகிறதே என்றால் “அப்புறம் முடுக்கிக்கலாம்” என்பார். ஒரு தடவை கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது. டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஊரே சொன்னது. “அப்புறம், அப்புறம்” என்று இழுத்தடித்ததில் அந்தப் பல் ஒரு நாள் சோற்றோடு சோறாகத் தானே கழன்று விழுந்துவிட்டது. “பாவம், பல்லுக்கே பொறுமை போயிடுச்சு. எனக்குத்தான் இன்னும் போகல” என்று அவர் மனைவி பாக்கிங் ஹாலில் சொல்லி, அத்தனை பெண்களையும் சிரிக்க வைத்தாள்.

கணவன் மனைவி இரண்டு பேருக்கும் அந்த பிரெட் கம்பெனியில்தான் வேலை. அவர் ஓவனில், அவள் பாக்கிங்கில். அவருக்கு முதல் ஷிப்டு, காலை ஆறு முதல் மத்தியானம் இரண்டு வரை. அவளுக்கு இரண்டாம் ஷிப்டு, இரண்டிலிருந்து இரவு பத்து. கைக்குழந்தை இருந்த காலத்தில் செய்துகொண்ட ஏற்பாடு அது. எந்த நேரமும் யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், பெண் குழந்தையை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு வரக் கூடாது என்பது அவள் கட்சி. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. அந்தக் கைக்குழந்தை வளர்ந்து, படித்து, கல்யாணம் ஆகி, வேறு ஊருக்குக் குடிபோய் இரண்டு வருஷமும் ஆகிவிட்டது. ஏற்பாடு மட்டும் அப்படியே நின்றது. ஏன் நின்றது என்று கேட்டால் சொல்ல அவரிடம் காரணம் கிடையாது. மாற்ற வேண்டும் என்று தோன்றும். தோன்றியதுமே வாய் தன்னால் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிடும்.

இருபத்து நாலு வருஷம் அந்தக் குடும்பம் கம்பெனி கேட்டில் நடந்தது. ஓவன்காரர்களை அடுத்த ஆள் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து விடுவிப்பான். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு கேட்டுக்கு வரும்போது மணி ஒன்று ஐம்பத்து மூன்று. அவள் வருகைக் கார்டு அடிக்க வேண்டியது இரண்டுக்கு. நடுவில் ஏழு நிமிஷம். வீட்டுச் சாவி கை மாறும். சாவி ஒன்றே ஒன்றுதான், இன்னொன்று செய்வதும் ‘அப்புறம்’ கணக்கில் இருந்தது. அந்த ஏழு நிமிஷத்தில் அவர்கள் பேசிய பேச்சை வேறு யாரும் அரை நாளில் பேசமாட்டார்கள். கேஸ் தீர்ந்துபோச்சு, பொண்ணு போன் பண்ணினா, உங்க நீலச் சட்டைக்குப் பொத்தான் வச்சுட்டேன், கீழ்வீட்டுக்காரன் மறுபடி பொண்டாட்டியோட சண்டை, முட்டுவலி பரவாயில்லையா, சரி சரி மணியாச்சு. தந்தி அடித்த மாதிரி இருக்கும். கேட் வாட்ச்மேன் “தினமும் புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி நிக்கிறீங்களே” என்று கிண்டல் செய்வான்.

வார விடுமுறையாவது ஒன்றாக வந்ததா என்றால் அதுவும் இல்லை. ஓவனுக்குச் செவ்வாய், பாக்கிங்குக்கு வெள்ளி. அரை நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கும். கிடைத்த அரை நாளில் மனுஷர் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். அவள் துணி துவைப்பாள். முழுசாக ஒரு நாள், இரண்டு பேரும் விழித்துக்கொண்டு ஒரு கூரையின் கீழ் இருந்தது மகள் கல்யாணத்தில்தான். அன்றைக்கு அவர் பந்தியிலும் அவள் பெண்கள் அறையிலுமாக நின்றார்கள்.

இவ்வளவுக்கும் அவர் லீவு இல்லாத ஆள் அல்ல. நூற்று நாற்பத்து இரண்டு நாள் லீவு சேர்த்து வைத்திருந்தார். கம்பெனியிலேயே அதிகம். அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு. “எல்லாத்தையும் சேத்து ஒரேயடியா எடுக்கறேன் பாரு, ரெண்டு பேரும் எங்கயாவது போய் நாலு மாசம் இருந்துட்டு வருவோம்” என்பார். அவள் தலையை ஆட்டுவாள். ஆட்டி ஆட்டி அவள் தலைமுடி நரைத்ததுதான் மிச்சம்.

அந்த வருஷம் என்ன நினைத்தாரோ, அவராகவே ஒரு காரியம் செய்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்புறம் என்று சொல்லாமல், ஷிப்டும் வருகையும் குறிக்கும் டைம் ஆபீசுக்குப் போய், தன்னை இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தார். இனிமேல் காலைப் பொழுதெல்லாம் சேர்ந்து இருக்கலாம், சேர்ந்தே வேலைக்கு வரலாம், சேர்ந்தே திரும்பலாம். அவளிடம் மூச்சு விடவில்லை. திடீரென்று காட்டி அசத்த வேண்டும் என்று ஆசை. ஐம்பது வயதில் வந்த ஆசைக்கு அழகு அதிகம், பாவம்.

முதல் தேதி விடிந்தது. அவர் வேண்டுமென்றே எழுந்திருக்காமல் படுத்திருந்தார். அவள் வழக்கம்போல ஏழு மணிக்குக் கண் விழித்து, ஐயோ டூட்டிக்குப் போகலையா, உடம்புக்கு என்ன என்று பதறுவாள், அப்போது சொல்லலாம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு கிடந்தார். ஐந்து மணிக்கு முன்பே குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், அவள் கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு நிற்கிறாள்.

“எங்க கெளம்பற?”

“நீங்க என்ன இன்னும் படுத்திருக்கீங்க? மணி அஞ்சாச்சு. எந்திரிங்க, சேந்து போகலாம்.”

“சேந்தா? உனக்கு ரெண்டு மணிக்குத்தானே?”

“மாத்திக்கிட்டேன்” என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். “முதல் ஷிப்டுக்கு எழுதிக் கொடுத்துட்டேன். உங்ககிட்ட இன்னைக்குச் சொல்லலாம்னு வச்சிருந்தேன். இனிமே சாயங்காலமெல்லாம் வீட்லதான். என்ன, பேயடிச்ச மாதிரி பாக்கறீங்க?”

அவர் சொன்னார். அவள் சீப்பைக் கையில் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நிமிஷம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. அவளுக்குப் புரையேறிவிட்டது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “என் வாழ்க்கையில ஒரே ஒரு வேலைய உடனே செஞ்சேன், அதுவும் இப்படி ஆச்சு” என்று அவர் சொல்ல, “நீங்க செய்வீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் சும்மா இருந்திருப்பேனே!” என்று அவள் அவர் தோளில் அடித்தாள். ஓவன் பதிவேடு ஒருவரிடம், பாக்கிங் பதிவேடு இன்னொருவரிடம். டைம் ஆபீசில் இருந்த இரண்டு பேருக்கும் இது ஒரு வீட்டுக் கூத்து என்று தெரியவில்லை.

சிரித்து முடித்த பிறகுதான் நெஞ்சில் உறைத்தது. ஷிப்டு ஒரு தரம் எழுதினால் மூன்று மாதத்துக்கு மாற்ற முடியாது. ஓவன் பதிவேட்டைப் பார்க்கும் டைம்கீப்பர் அவருக்குத் தம்பி மாதிரிதான், கையைப் பிசைந்தான், ஆனால் விதி விதிதான். அதைவிட ஒரு கொடுமையை இருவரும் யோசிக்கவே இல்லை. ஓவன்காரர் பத்து நிமிஷம் முன்னாலேயே உள்ளே போயாக வேண்டும். பாக்கிங் பெண்கள் இரண்டு மணி அடித்தால்தான் வெளியே வரலாம். ஆக, அவர் உள்ளே போகும்போது அவள் மேஜையில் இருப்பாள், அவள் வெளியே வரும்போது அவர் ஓவனில் இருப்பார். இருந்த ஏழு நிமிஷமும் போயிற்று. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்பார்களே, அந்தக் கதைதான். சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவார், அவள் வாங்கிக்கொள்வாள்.

வேலை நாளில் மிச்சம் இருந்தது ஒரு கண்ணாடி. பாக்கிங் ஹாலுக்கு வெளியே உள்ள நடைபாதையில்தான் ஓவனுக்குப் போக வேண்டும். சுவரில் பாதி கண்ணாடி. ஒன்று ஐம்பதுக்கு அவர் அந்த வழியாகப் போவார். அவள் கையுறை போட்ட கையைத் தூக்குவாள். அவரும் தூக்குவார். அவ்வளவுதான் தாம்பத்தியம்.

முதல் வாரத்திலேயே அவள் கேட்டுவிட்டாள். இரவு பத்தரை மணிக்கு அவர் வீடு திரும்பியபோது தூக்கக் கலக்கத்தோடு எழுந்து உட்கார்ந்து கேட்டாள்.

“என்னங்க, ஒரு நாள் லீவு போடுங்களேன். நானும் போடறேன்.”

“எதுக்கு? எங்க போகணும்?”

“எங்கயும் போக வேண்டாம். வீட்ல இருப்போம். நான் சமைச்சு எறக்கினதும் நீங்க சூடா சாப்பிடணும். நான் உக்காந்து பாக்கணும். அப்புறம் ரெண்டு பேரும் மத்தியானத் தூக்கம் ஒண்ணு போடணும். எந்திரிச்சு டீ குடிக்கணும். அவ்வளவுதான்.”

“இதுக்குப் போய் ஒரு லீவா? மூணே மாசம், கண்ண மூடித் தொறந்தா ஓடிடும். அப்புறம் தினமும் பாத்துக்கிட்டே இரு, யாரு வேண்டாங்கறா.”

“உங்ககிட்ட நூத்தி நாப்பது நாள் இருக்கு. நான் நூத்தி நாப்பது கேக்கல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்.”

“அப்புறம் போடலாம்மா” என்று சொல்லிவிட்டு அவர் கைகழுவப் போனார்.

அடுத்த மாதமும் கேட்டாள். அப்போது பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், ஆர்டர் குவிந்து கிடந்தது, ஓவனில் ஒரு ஆள் குறைந்தாலும் கஷ்டம் என்று உண்மையான காரணம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. மூன்றாவது தடவை அவள் வாயால் கேட்கவில்லை. டைம் ஆபீசிலிருந்து லீவுச் சீட்டு இரண்டு வாங்கி வந்து அலமாரி மேல் வைத்திருந்தாள். அவர் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்துகொண்டார். இன்னும் மூன்று வாரம்தானே என்று நினைத்தார். அடுத்த பட்டியலுக்கு இருவரும் சேர்ந்தே முதல் ஷிப்டு என்று எழுதியும் கொடுத்தாகிவிட்டது. இந்தத் தடவை எழுதிக் காட்டி, படித்துக் காட்டி, டைம்கீப்பர் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் இருவரும் வந்தார்கள்.

அந்த மூன்று வாரத்தில் பாதி கூடப் போகவில்லை.

அன்றைக்கும் ஒன்று ஐம்பதுக்கு அவர் நடைபாதையில் வந்தார். அவள் மேஜையில் சாய்ந்தாற்போல் நின்றிருந்தாள். கையைத் தூக்கினாள். ஆனால் வழக்கம்போல ஆட்டவில்லை, விரல்களை மடக்கி வா என்று கூப்பிட்டாள். அவர் நின்றார். விளையாடுகிறாள் என்று நினைத்தார். மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார், நேரமாச்சு. பிறகு உள்ளங்கையைச் சுழற்றி, அப்புறம், என்றார். அவள் மறுபடியும் கூப்பிட்ட மாதிரி இருந்தது. இருந்ததா, இல்லையா? இந்தக் கேள்வியை அவர் பிறகு ஆயிரம் தடவை தன்னிடம் கேட்டுக்கொண்டார். அந்தச் சமயத்தில் நடையைக் கட்டிவிட்டார்.

ஓவன் இரைச்சலில் உள்ளே ஒன்றும் கேட்காது. இரண்டே காலுக்கு மேஸ்திரி ஓடி வந்தார். அவள் மேஜையடியில் விழுந்துவிட்டாளாம், கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம். கையில் மாவும் கரியுமாக அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். இளம் வயது டாக்டர், நல்ல மனசுக்காரர். இவர் கேட்காமலேயே ஆறுதல் சொன்னார்.

“பத்து நிமிஷம் முன்னால கொண்டு வந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுங்க. நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க.”

“காப்பாத்தியிருக்க முடியாது, சரிங்க டாக்டர்” என்றார் அவர். “பக்கத்துல நின்னிருக்கலாம்ல?”



சாயங்காலம் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வாசலில் பூட்டு தொங்கியது. சாவி யாரிடமும் இல்லை. கூட்டம் தெருவில் நின்றது, அவளும் தெருவில்தான் கிடந்தாள். அப்போது வாட்ச்மேன் சைக்கிளை மிதித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து, “அக்கா வருவாங்க வருவாங்கன்னு கையிலயே வச்சிருந்தேண்ணே” என்று சாவியை நீட்டிவிட்டு ஓவென்று அழுதான். அவர் அழவில்லை. கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார், அவளை முதலில் போகச் சொல்வதைப் போல.

மகள் வந்தாள், விழுந்து புரண்டாள். காரியங்கள் முடிந்து உறவுக் கூட்டம் கலைந்த பிறகு அவரருகில் வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா கடைசியா உங்ககிட்ட என்னப்பா சொன்னாங்க?”

“வான்னா” என்றார். “நான் அப்புறம்னேன்.”

மகள் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவருக்கு.  பிறகு, “எங்க வீட்டுக்கு வந்து இருங்கப்பா, தனியா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டாள். அப்புறம் என்று சொல்ல வந்த வாயைக் கடித்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார். மகள் ஊருக்குப் போனாள்.

மகள் போன பிறகுதான் வீடு அவருக்குத் தன்னைக் காட்டியது. எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று தெரியவில்லை. போகட்டும், தேடினால் கிடைக்கும். மனைவி மத்தியானத்தில் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாள், தனியாக இருக்கும்போது பாட்டுக் கேட்பாளா, டீக்குச் சர்க்கரை எவ்வளவு போடுவாள்? இருபத்து நாலு வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு இவையெல்லாம் தெரியவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? உலகத்தில் அந்தப் பதில்கள் ஒரே ஒருத்தியிடம் இருந்தன. அவள் கொடுக்கத் தயாராக இருந்தாள். வாங்கிக்கொள்ள ஒரு நாள் ஒதுக்கத் துப்பில்லாத மனுஷன் என்று தன்னையே திட்டிக்கொண்டு, கட்டிலில் அவள் பக்கத்தைத் தொடாமல் ஓரமாகப் படுத்தார்.

மாதக் கடைசி நாளில் கம்பெனிக்குப் போனார். டைம் ஆபீசில் டைம்கீப்பர் மறுநாள் ஒட்ட வேண்டிய புதுப் பட்டியலை மேஜையில் விரித்து, ஸ்கேலும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் பட்டியலைக் கையால் மறைத்தான். மறைத்து என்ன? அவர் பார்த்துவிட்டார். முதல் ஷிப்டு, ஓவன், அவர் பெயர். அதே தாளில் கீழே, முதல் ஷிப்டு, பாக்கிங், அவள் பெயர்.

“போன வாரத்துக்கு முந்தியே டைப் ஆகி வந்துடுச்சுண்ணே” என்றான் அவன். “இப்பத்தான் அக்கா பேர அடிச்சிடலாம்னு...”

“அடிக்காத.”

“அண்ணே?”

“நாளைக்கு ஒரு நாள் இருக்கட்டும். மறுநாள் அடிச்சுக்கோ.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “பேரு இருந்தா, கார்டு விழலைன்னு ஆப்சென்ட் ஆயிடும்ணே. அக்கா இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட ஆப்சென்ட் ஆனதில்ல. அந்தப் பேரு அவங்களுக்கு எதுக்கு?”

நியாயம்தான். அவர் கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்ப லீவு எழுதிக்க. ரெண்டு பேருக்கும். சீட்டு குடு.”

டைம்கீப்பர் அவர் முகத்தைப் பார்த்தான். இரண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். அவர் தன்னுடையதை முதலில் எழுதினார். எத்தனை நாள் என்ற இடத்தில் ஒன்று. காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. யோசித்து, ‘வீட்டில் இருக்க’ என்று எழுதினார். அடுத்த சீட்டை எடுத்து அவள் பெயரை எழுதினார். எழுத்து கோணிப் போயிற்று. நாள் ஒன்று. காரணம், வீட்டில் இருக்க. இரண்டையும் சேர்த்து மேஜையில் தள்ளினார்.

டைம்கீப்பர் வாங்கிப் பார்த்தான். முத்திரையை மையில் ஒற்றினான். இருபது வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன், சீட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்ததும் கை தானாக நிற்க, வாய் தானாக, “கையெழுத்து அவங்கதான் போ...” என்று ஆரம்பித்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான். முத்திரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்தான்.

அதுவரை அழாத மனுஷர் அந்த மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். கார்டு அடிக்க வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள்.

“அவ கேட்டன்னைக்கே எழுதியிருந்தா” என்றார், “அவளே போட்டிருப்பாடா.”